ஓடாவி செய்த கமெரா



சென்ற தவணை விடுமுறையில் பாடசாலையின் பழைய களஞ்சிய அறையைத் துப்புரவு செய்துகொண்டிருந்தோம். உடைந்த கதிரைகள், கறையான் அரித்த இடாப்புகள், பழைய வினாத்தாள் கட்டுகள். அவற்றுக்கிடையில் மஞ்சள் நிற மட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதைத் திறந்த மாணவன் உள்ளேயிருந்த ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேர், இது யாருடைய எக்ஸ்ரே?" என்று கேட்டான்.

அது எக்ஸ்ரே அல்ல. தபாலட்டை அளவில் ஒரு நெகடிவ். முகங்கள் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருந்தன. மூன்று வரிசையில் மாணவர்கள், நடுவில் கதிரைகளில் ஆசிரியர்கள். எங்கள் பாடசாலையின் ஏதோ ஒரு வகுப்புப் படம். பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. வெளியே குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். பெட்டியும் அங்கே போகவிருந்தது. நாங்கள் அதைத் திரும்பவும் உள்ளே கொண்டுவந்தோம்.

அன்று பிள்ளைகள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இது என்ன? இதை ஏன் வைத்திருக்க வேண்டும்? முதற் கேள்விக்குப் பதில் சொல்வது இலகு. இரண்டாவதற்கு ஒரு சரித்திரக் கதை சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறோம்.

இதற்குப் பெயர் ஷீட் பிலிம். பழைய ஸ்டூடியோக்காரர்கள் கட் பிலிம் என்பார்கள். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த பிலிம் 36 படம் பிடிக்கும் சுருள். ஷீட் பிலிம் சுருள் அல்ல. ஒரு தாளுக்கு ஒரே படம். படத்தைப் பிடித்தால் அந்தத் தாளின் வேலை முடிந்தது.

அதற்கு முன்னர் கண்ணாடித் தகடுகளில்தான் படம் பிடித்தார்கள். கண்ணாடி பாரமானது, கைதவறினால் உடையும். 1888 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கார்பட் என்பவர் செலுலொய்ட் தாளில் மருந்து பூசி விற்கத் தொடங்கினார். கண்ணாடியின் இடத்தை மெல்ல மெல்ல அந்தத் தாள் பிடித்தது. அதிகம் புழங்கிய ஓர் அளவு 4 அங்குலத்துக்கு 5 அங்குலம். சுருள் பிலிமின் சிறிய படத்தைவிடப் பரப்பளவில் இது சுமார் 13 மடங்கு பெரியது. ஆகவேதான் அந்த வகுப்புப் படத்தில் பின்வரிசைப் பிள்ளையின் சட்டைப் பொத்தானைக்கூட இன்றைக்கும் எண்ணலாம்.

இதைக் கையாளுவது பொறுமையான வேலை. முழு இருட்டில் பெட்டியைத் திறக்க வேண்டும். தாளின் எந்தப் பக்கத்தில் மருந்து இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்காகத் தாளின் ஒரு மூலையோரத்தில் சிறு வெட்டுக்குறிகள் வைத்திருப்பார்கள். தாளை நெடுக்காகப் பிடித்து, அந்தக் குறி மேலே வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் மருந்துப் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஹோல்டர் என்ற தட்டையான உறைக்குள் தாளைத் தள்ள வேண்டும். ஒரு ஹோல்டரில் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று, மொத்தம் இரண்டு தாள்கள்தான். ஒவ்வொன்றுக்கும் மேலே வெளிச்சம் புகாத இழுப்புத் தகடு. அந்தத் தகட்டின் விளிம்பில் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை தெரிந்தால் புதுத் தாள். கறுப்பு தெரிந்தால் படம் பிடித்து முடிந்தது. இதை மாற்றிப் போட்டால் ஒரே தாளில் இரண்டு படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டுமே கெட்டுப்போகும்.

பிறகு கமெராவை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பின்னாலுள்ள மங்கல் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். லென்ஸை மூடி, ஹோல்டரைச் செருகி, தகட்டை இழுத்தால் கண்ணாடி மறைந்துவிடும். படம் பிடிக்கும் கணத்தில் படம்பிடிப்பவருக்கு அந்த உருவம் தெரியாது. எதிரே நிற்கும் மனிதரின் முகத்தைத்தான் அவர் பார்க்க முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கமெராவில் துல்லியமாகச் செய்யப்பட வேண்டிய பாகங்கள் இரண்டே இரண்டு: லென்ஸ், ஹோல்டர். மீதியெல்லாம் வெளிச்சம் புகாத ஒரு பெட்டிதான். சுருளைச் சுற்றும் பற்சக்கரம் இல்லை, எண் காட்டும் கருவி இல்லை. லென்ஸும் ஹோல்டரும் கையில் இருந்தால், ஒரு நல்ல ஓடாவியைக் கொண்டு மீதிக் கமெராவைச் செய்துகொள்ளலாம்.

அப்படிச் செய்துகொண்ட ஒருவரின் கதைதான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னது.

அவர் பெயர் டோயோ மியாடாகே. 1895 இல் ஜப்பானில் பிறந்து, 1909 இல், பதினான்கு வயதளவில், தகப்பனாரிடம் அமெரிக்காவுக்குப் போனவர். லொஸ் ஏஞ்சல்ஸில் ஜப்பானியர் வாழ்ந்த லிட்டில் டோக்கியோ பகுதியில் 1923 இல் ஒரு ஸ்டூடியோவை வாங்கி நடத்தினார். கல்யாணம், பிறந்தநாள், பட்டமளிப்பு என்று அந்தச் சமூகத்தின் நல்லது கெட்டது எல்லாம் அவருடைய கமெராவுக்கு முன்னால்தான் நடந்தன. வெறும் கடைக்காரர் அல்ல, கலைஞரும்கூட. எட்வர்ட் வெஸ்டன் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் படக்கலைஞர் அவருக்கு நண்பர். 1932 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டிகளை ஜப்பானின் அசாஹி பத்திரிகைக்காகப் படம் பிடித்தவர் இவர்.

1941 டிசம்பர் 7 ஆம் திகதி ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 19 ஆம் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 ஆம் இலக்க நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பேரில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். எவர் மீதும் வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கையில் தூக்கக்கூடியதை மட்டும் கொண்டுவரலாம் என்பதே உத்தரவு.

இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு பிள்ளை, "எங்கட மூத்தம்மாவும் அப்படித்தானே சேர் வந்தாங்க" என்றாள். அவர்களது குடும்பம் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒன்று. அவர்கள் வீட்டில் அந்த ஆண்டுக்கு முந்திய போட்டோ ஒன்றுகூட இல்லை. வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. நாங்களும்தான். அதன் பிறகு அந்த அமெரிக்கக் கதை யாருக்கும் தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

மியாடாகேயும் மனைவியும் நான்கு பிள்ளைகளும் மன்ஸனார் என்ற முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே, ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலுள்ள பாலை நிலம் அது. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு ஆப்பிள் தோட்டம் என்று அர்த்தம். அங்கே பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை அடைத்தார்கள். சுற்றி முட்கம்பி, எட்டுக் காவற் கோபுரங்கள். இருபது அடிக்கு இருபத்தைந்து அடி அறையில் எட்டுப் பேர். ஒரு மின்குமிழ், ஒரு எண்ணெய் அடுப்பு, வைக்கோல் திணித்த மெத்தை. பலகை இடுக்குகளால் எந்நேரமும் பாலைப் புழுதி உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்த மக்கள் கமெரா வைத்திருப்பது தடை. வானொலி, துப்பாக்கி என்பவற்றோடு கமெராவையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். மியாடாகே தன் பெட்டி படுக்கைக்குள் இரண்டு சாமான்களை மறைத்துக் கொண்டுபோனார். ஒரு லென்ஸ், ஒரு பிலிம் ஹோல்டர்.

பிறகு ஒருநாள் மூத்த மகனிடம் இதைச் சொன்னார். தான் படம்பிடிக்கிறவன் என்பதால் இங்கே நடப்பதைப் பதிந்து வைக்கும் பொறுப்புத் தனக்கு உண்டு, இப்படி ஒன்று இனியும் நடக்காமல் இருக்க அது வேண்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். மகன் பிற்காலத்தில் இதைப் பல தடவை நினைவுகூர்ந்திருக்கிறார்.

முகாமில் அடைபட்டிருந்தவர்களுக்குள் ஓர் ஓடாவி இருந்தார். அவர் மிச்சப் பலகைகளைக் கொண்டு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். பார்த்தால் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி இருக்கும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தினால்தான் உருவம் தெளிவாகும். அதற்குத் துருத்தி கிடைக்கவில்லை. மரையுள்ள ஒரு குழாய்த் துண்டில் லென்ஸைப் பொருத்தினார்கள். திருகினால் முன்னே வரும், திருப்பித் திருகினால் பின்னே போகும். பிலிம் வெளியிலிருந்து வந்துபோகும் ஒருவர் வழியாக இரகசியமாகக் கிடைத்தது.

படம் பிடித்த எவருக்கும் இதன் கஷ்டம் விளங்கும். ஷீட் பிலிமின் பெரிய எதிரி தூசி. மருந்தின் மேல் ஒரு துகள் இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் படாது, கழுவி எடுத்த போட்டோவில் கரும்புள்ளி விழும். ஸ்டூடியோக்களில் இருட்டறையை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தாளைத் தொடுவார்கள். மன்ஸனாரோ புழுதிக்குப் பெயர்போன இடம். அங்கே எட்டுப் பேர் அறையில் முழு இருட்டுக்கு எங்கே போவது? ஒவ்வொரு தாளும் எப்போது மறுபடி கிடைக்கும் என்று தெரியாத ஒன்று. சுருள் பிலிம் மாதிரி நாலைந்து பிடித்து நல்லதைத் தெரிவுசெய்ய முடியாது.

சில மாதங்களில் விடயம் அதிகாரிகளுக்குத் தெரிந்துபோனது. தண்டனை வரும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் முகாம் பணிப்பாளர் ரால்ஃப் மெரிட் கொஞ்சம் இரக்கமுள்ள மனிதர். மியாடாகே முகாமின் படப்பிடிப்பாளராக வேலை செய்யலாம் என்று அனுமதித்தார். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கமெராவை அவர் நிறுத்தலாம், ஆட்களை இருத்தலாம், உருவத்தைச் சரிசெய்யலாம், பிலிமைச் செருகலாம். ஆனால் ஷட்டரை அழுத்துவது மட்டும் ஒரு வெள்ளைக்காரராக இருக்க வேண்டும்!

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கத்தான் வேண்டும். இருட்டில் தாளைத் தடவி ஏற்றுவதிலிருந்து கழுவி எடுப்பது வரை அத்தனை வேலையையும் செய்கிறவர் ஒருவர், விரலால் அழுத்துகிறவர் இன்னொருவர். அப்படியானால் அந்தப் படம் யாருடையது? சட்டத்தை எழுதியவர்கள் விரலைப் பார்த்தார்கள். வேலை தெரிந்தவர்களுக்கு ஷட்டரை அழுத்துவது கடைசிச் சின்ன வேலை என்று தெரியும். கொஞ்சக் காலத்தில் அந்த நிபந்தனையும் கைவிடப்பட்டது.

மன்ஸனாரை அவர் மட்டும் படம் பிடிக்கவில்லை. 1942 இல் அரசாங்கமே டொரத்தியா லாங் என்ற பெண் படக்கலைஞரை அனுப்பியது. முட்கம்பி, காவற் கோபுரம், துவக்கோடு நிற்கும் சிப்பாய் ஆகியவற்றைப் பிடிக்கக்கூடாது என்பது அவருக்கு இட்ட கட்டளை. அப்படியும் அவருடைய படங்கள் மனதைச் சுட்டன. யுத்தம் முடியும்வரை அவற்றை வெளியே விடாமல் முடக்கி வைத்தார்கள்.

1943 இல் அன்சல் அடம்ஸ் வந்தார். பெரிய கமெரா வேலையில் உலகப் புகழ் பெற்றவர். மெரிட்டின் நண்பர். அநியாயத்துக்கு ஆளானவர்களின் கண்ணியத்தைக் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் வந்தார். முகங்களை நெருங்கிப் பிடித்தார், வகுப்பறைகளைப் பிடித்தார், வயல்களைப் பிடித்தார். மியாடாகே குடும்பத்தையும் பிடித்தார். 1944 இல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளை அமெரிக்கர் அப்படிச் செய்தது சின்ன விடயமல்ல. ஆனால் அவருக்கும் அதே தடைகள் இருந்தன. அவருடைய படங்களில் ஒன்று முழு முகாமையும் உயரத்திலிருந்து காட்டுகிறது. அதைக் காவற் கோபுரத்தின் மேல் ஏறி நின்றுதான் பிடித்தார். கோபுரம் கமெராவுக்குக் கீழே இருந்தது. ஆகவே படத்தில் இல்லை.

மியாடாகேயின் படம் ஒன்றில் அந்தக் கோபுரம் இருக்கிறது. மூன்று சிறுவர்கள் முட்கம்பியின் பின்னால் நிற்கிறார்கள். ஒருவனின் கை கம்பியைப் பிடித்திருக்கிறது. பின்னால் காவற் கோபுரம். இன்னொரு படத்தில் கம்பி வெட்டும் குறட்டைப் பிடித்த ஒரு கை, முட்கம்பியை வெட்டத் தயாராக நிற்கிறது. அங்கேயும் கோபுரம் பின்னால் தெரிகிறது.

ஆனால் ஆசிரியர்களான எங்களை அதிகம் தொட்டவை வேறு படங்கள். முகாமுக்குள் ஓர் உயர்தரப் பாடசாலை நடந்தது. அந்தப் பிள்ளைகள் 1944 இல் ஓர் ஆண்டு மலர் வெளியிட்டார்கள். அதற்கு 'எங்கள் உலகம்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அதன் படங்கள் மியாடாகேயின் வேலை. அவற்றில் பாட்டுக் குழு, விளையாட்டு அணி, சிரிக்கும் முகங்கள். எந்த ஊர்ப் பாடசாலை மலரிலும் இருக்கக்கூடிய அதே படங்கள்தான். குழந்தை பிறந்தால், ஒருவர் மௌத்தானால், கல்யாணம் நடந்தால் முகாமுக்குள் போட்டோ எடுக்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு சம்பவத்தைப் பிடித்தார்கள். அவர் தன் சனத்தைப் பிடித்தார். கல்யாண மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டி கோணலாக இருந்தால் போய்ச் சரிசெய்துவிட்டு வரக்கூடியவர்தான் அப்படிப் பிடிக்க முடியும்.

1945 நவம்பரில் மன்ஸனார் மூடப்பட்டது. மியாடாகே குடும்பம் லொஸ் ஏஞ்சல்ஸுக்குத் திரும்பி ஸ்டூடியோவை மறுபடியும் திறந்தது. அவர் 1979 இல் காலமானார். 1988 ஓகஸ்ட் 10 ஆம் திகதி ஜனாதிபதி ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நடந்தது அநீதி என்று அமெரிக்க அரசு ஏற்று மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் நட்டஈடு கொடுத்தது. 1992 இல் மன்ஸனார் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. லிட்டில் டோக்கியோவில் ஜப்பானிய அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு வெளியே இன்று அந்தக் கமெராவின் வடிவம் வெண்கலத்தில் பெரிதாக நிற்கிறது.

போட்டோக்களால்தான் நீதி கிடைத்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. பல ஆண்டுகள் வழக்காடியவர்களும் சாட்சி சொன்னவர்களும் போராடிப் பெற்றது அது. ஆனால் அங்கே என்ன நடந்தது, எப்படி வாழ்ந்தார்கள் என்று பேரப்பிள்ளைகள் கேட்டபோது காட்டுவதற்கு ஏதோ இருந்தது. அதை அரசாங்கமோ புகழ்பெற்ற கலைஞரோ மட்டும் கொடுத்திருந்தால் அந்தக் கோபுரம் அதில் இருந்திருக்காது.

இப்போது பிள்ளைகளின் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். எங்கள் ஊரிலும் ஸ்டூடியோக்கள் இருந்தன. அங்கே உட்காரவைத்து, நாடியைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடித்தவர்கள் நம்மவர்கள். நெகடிவின் மேல் கூர்ப் பென்சிலால் முகத்துப் பருக்களை மறைத்தவர்கள். எங்கள் வாப்பாமாரின் இளமைக் கால முகம் எங்காவது இருக்குமானால் அந்தத் தாள்களில்தான் இருக்கும். அந்தக் கடைகள் மூடப்பட்டபோது பெட்டிகள் எங்கே போயின என்று நாங்கள் கேட்கவில்லை. யுத்தத்திலும் இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் போனவை போகட்டும். மிஞ்சியதை நாங்களே நெருப்பில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

உங்கள் வீட்டு அலுமாரியிலோ பரணிலோ இப்படியான பெட்டி இருந்தால் எறிய வேண்டாம். தாள்களை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், மருந்துப் பக்கத்தில் விரல் படக்கூடாது. தண்ணீரில் கழுவ வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு ஈரமில்லாத, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்ட வேண்டாம். வினாகிரி மணம் வந்தால் பிலிம் பழுதடையத் தொடங்கிவிட்டது, அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். மிகப் பழைய பிலிம்கள் சில எளிதில் தீப்பிடிக்கும் வகை. அவற்றை அடுப்படிப் பக்கமோ வெயில் படும் இடத்திலோ வைக்கவே கூடாது.

படத்தைப் பார்ப்பது இலகு. ஒரு டெப்லட்டின் திரையை முழு வெள்ளையாக்கி, அதற்கு மேலே கொஞ்சம் உயரத்தில் நெகடிவைப் பிடித்து, கைத்தொலைபேசியால் படம் எடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும்.

நாங்கள் அந்தப் பெட்டியிலிருந்த முதல் தாளை அப்படித்தான் பார்த்தோம். வெள்ளைச் சட்டையில் முப்பது பிள்ளைகள், பின்னால் இப்போது இல்லாத ஓட்டுக் கட்டடம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். கதிரையில் இருக்கும் ஆசிரியர்களில் ஒருவரை மட்டும் எங்களில் மூத்தவர் அடையாளம் கண்டார். மற்ற யாரையும் தெரியவில்லை.

எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் வரும் சனிக்கிழமை காலை பாடசாலைக்கு அழைத்து வாருங்கள். நடக்க முடியாதவர்கள் என்றால் சொல்லுங்கள், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெயர் எழுத வேண்டும். பென்சிலும் உறைகளும் பிள்ளைகள் தயாராக வைத்திருக்கிறார்கள். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போகிறார்கள்.